கடைசிக் காம்பரா அத்தையின் அடுப்புப் புகை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், பயத்தை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் கடைசிக் காம்பரா அத்தைதான். மற்றவர்கள் எல்லாரும் வீராதிவீரர்கள். அட்டை கடித்தால் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுபடி கொழுந்து பறிப்பார்கள். காய்ச்சலோடு எழுந்துபோய் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுப்பார்கள். வயிற்றுக்குள் எவ்வளவு நடுங்கினாலும் வெளியே காட்ட மாட்டார்கள். அத்தை மட்டும், "எனக்குப் பயமா இருக்கு, நான் போறேன். வர்றவங்க வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். வெட்கமே கிடையாது.

சொந்த அத்தை இல்லை. அம்மா அவளை மதினி என்று கூப்பிட்டாள், அதனால் எனக்கு அத்தை. லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. எங்கள் காம்பராவுக்கும் அவள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "கொத்தமல்லி போட்டுக் குடி" என்று பதில் வரும். மாமா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஒரே மகளையும் உடப்புசல்லாவைப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு அத்தைக்குத் துணை ஒரு கோழியும் சுவருக்கு இந்தப் பக்கத்து நாங்களும்தான்.

அவள் எதற்கெல்லாம் பயந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. மகள் முதல் சம்பளத்தில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தாள். அத்தை அதை அடுப்பில் ஏற்றிவிட்டு, லயத்தின் அந்தக் கோடியில் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போய் நின்றுகொள்வாள். விசில் வந்ததா என்று நான் இங்கிருந்து கத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை லயத்தோடு எல்லாரும் பஸ் பிடித்துக் கண்டிக்குக் கோயிலுக்குப் போனோம். ரம்பொடை வளைவுகள் ஆரம்பித்ததுமே அத்தை எழுந்து நின்று, "தம்பி, நிப்பாட்டுங்க. நான் நடந்து வர்றேன்" என்றாள். டிரைவர் என்ன சொல்லியும் கேட்கவில்லை. இறங்கினாள். பஸ் வளைந்து வளைந்து கீழே போய்ச் சேர்ந்தால், தேயிலைக்குள் குறுக்கே இறங்கி எங்களுக்கு முன்னால் ரோட்டோரத்தில் வந்து நிற்கிறாள். சேலையெல்லாம் முள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்டி போய்ச் சேரும்வரை பஸ் முழுக்க அதே பேச்சுதான்.

கொழுந்து மலையிலும் இதே கதை. குளவிச் சத்தம் போல ஏதாவது காதில் விழுந்தால் போதும், கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவாள். பாதி நேரம் அது யாரோ தூரத்தில் புல்வெட்டும் மெஷின் சத்தமாக இருக்கும். கங்காணி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். அவள் ஓடும்போது எங்கள் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடிவிடுவார்கள். "பைத்தியம் ஓடுது, நாமளும் கொஞ்ச நேரம் இடுப்ப நிமித்திக்குவோம்" என்பாள் அம்மா. ஒரு நாள் நிஜமாகவே குளவி கலைந்து வந்தது. பக்கத்துக் கூட்டத்தில் ஐந்தாறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தியையும் கொட்டவில்லை. அத்தைக்கு முன்கூட்டியே தெரிந்தது என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயப்பட மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் அது வீண் பயம்தான்.

மழைக்காலம் வந்தால் அத்தையின் பயத்துக்கு உத்தியோகம் கிடைத்துவிடும். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே மலையைச் சரித்துக் கட்டிய பழைய லயம் எங்களுடையது. அத்தையின் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்மேடு சுவர் மாதிரி நின்றது. கன மழை என்று டீவியில் சொன்னாலும், மண்சரிவு எச்சரிக்கை என்று கிராம சேவகர் வந்து சொன்னாலும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு இருந்தது. போவதுதான் பெரும்பாடு.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கூடி நின்று எல்லாரும் பேசுவார்கள். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே. பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் எத்தனை பேருக்குக் காணும்? வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹாலில் எப்படிப் படுப்பது? மாட்டுக்குப் புல் யார் போடுவது? டீவியைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஆம்பிளைகள் இரண்டு பேர் குடையைப் பிடித்துக்கொண்டு போய் மேட்டைப் பார்த்துவிட்டு வந்து, "ஊத்துத் தண்ணி கலங்கல, ஒண்ணும் இல்ல" என்பார்கள். இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் ஒவ்வொருவர் கண்ணும் ஒரு தடவையாவது கடைசிக் காம்பராப் பக்கம் போய்வரும். எனக்கு அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் பெட்டி இழுபடும் சத்தம் வரும். அப்புறம் அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம். நெருப்பை விட்டுவிட்டுப் போக அத்தைக்குப் பயம், அதனால் நன்றாக அணைத்துச் சாம்பலைத் தட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். தலையில் மூட்டை, கக்கத்தில் கோழி. "எனக்குப் பயமா இருக்கு, நான் போறேன். வர்றவங்க வாங்க."

"மதினி, அந்தக் கோழிக்கும் பயமா இருக்காமா?" என்று அம்மாதான் முதலில் ஆரம்பிப்பாள். லயமே சிரிக்கும்.

"சிரிங்க, சிரிங்க. உசுரோட இருந்து சிரிச்சா எனக்கு சந்தோசம்தான்" என்று சொல்லிக்கொண்டே அத்தை இறங்கிப் போவாள்.

ஒருமுறை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்படி அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பெரிய ஹாலில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சாக்குகளைச் சுவரோரமாக வரிசையாக விரித்து வைத்திருந்தாள். இது எதற்கு என்று கேட்டேன். "இது ஒங்க வீட்டுக்கு. அது கங்காணி வீட்டுக்கு. இந்த மூலை, புள்ளத்தாச்சி இருக்கால்ல, அவளுக்கு. காத்து அடிக்காது" என்றாள். லயத்தில் ஒரு வீடு விடாமல் இடம் பிடித்திருந்தாள். யாருமே வரவில்லை. காலையில் அத்தனையையும் மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்கும் சிரித்தோம்.

எங்களுடையது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். முன்பக்கத்தில் நாங்கள். பின்பக்கத்தில் முக்கால்வாசிக் காம்பராக்கள் கூரை இடிந்து பூட்டிக் கிடந்தன, ஒரே ஒரு புருசன் பெண்டாட்டி மட்டும் நடமாட முடியாத அப்பாவோடு இருந்தார்கள். அங்கிருந்து எங்கள் வாசல்கள் தெரியாது. ஆனால் கூரைக்கு மேலே வரும் அடுப்புப் புகை இரண்டு பக்கத்துக்கும் தெரியும். எங்கள் ஊரில் புகைதான் சேதி. காலையில் ஒரு வீட்டில் புகை வராவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டி என்னவென்று கேட்பார்கள். மழை நாளில் அத்தை வீட்டுப் புகை நின்றால் அத்தை கிளம்பிவிட்டாள் என்று பின்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும். மலையில் எங்களுக்கு மேலே இருந்த மேல் லயத்தாருக்கும் தெரியும்.

போன வருடக் கார்த்திகையில் அத்தையின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், புயல் செய்தி வந்தது.

"கடலு எங்க, நாம எங்க? புயலு மலையேறியா வரும்?" என்று ஆம்பிளைகள் கேலி செய்தார்கள். புயல் வரவில்லை, அதன் மழை வந்தது. ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல் என்று தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி பெய்தது. ரோடு அடைபட்டு ஹட்டனில் நான் வேலை செய்யும் கடைக்குப் போக முடியவில்லை. கரண்ட் போனது, பிறகு போனும் செத்தது. கிராம சேவகர் நனைந்துகொண்டே வந்து தமிழும் சிங்களமுமாகக் கத்திவிட்டு அடுத்த லயத்துக்கு ஓடினார்.

வழக்கம் போல இஸ்தோப்பில் கூட்டம். வழக்கம் போல அதே பேச்சு. வழக்கம் போல எல்லார் கண்ணும் கடைசிக் காம்பராவுக்குப் போனது. அங்கே கூரைக்கு மேலே புகை திக்காக வந்துகொண்டிருந்தது.

"மதினியே அடுப்ப எரிச்சுக்கிட்டு இருக்காங்க. நாம எதுக்கு ஓடணும்?" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அத்தை ஏன் போகவில்லை என்று யாரும், அவளைத் தடுத்தவர்கள்கூட, யோசிக்கவில்லை. காலையிலேயே அவள் மூட்டையைக் கட்டியிருக்கிறாள். அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் போய்த்தான் அவளைத் தடுத்திருக்கிறார்கள். "பச்ச ஒடம்புக்காரிய மழையில கொண்டு போவீங்களா? சன்னி கண்டா யாரு பாக்குறது? தீட்டோட பள்ளிக்கூடத்துல போய் எல்லாரோடயும் எப்படிப் படுக்க வப்பீங்க?" மகளும் நடக்க முடியாமல் அழுதிருக்கிறாள். தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வேண்டும், குளிர் காய வேண்டும், பேறுகால மருந்துக் காயம் காய்ச்ச வேண்டும். அதற்குத்தான் அந்த அடுப்பு அணையாமல் எரிந்தது. அதைத்தான் நாங்கள் வெளியே நின்று பார்த்து, பயமில்லை என்று முடிவு செய்தோம்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா கொடுத்த பூண்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு நான் போனேன். அத்தை கட்டிய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிச்சை அவிழ்ப்பதும் மறுபடி இறுக்குவதுமாக இருந்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் போகல அத்த."

"ஏன்?"

"நீங்க போகலையே. நீங்களே இருக்கீங்கன்னுதான் எல்லாரும் இருக்காங்க."

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அத்தை என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது.

"என்னையவா பாக்குறாங்க? என்னையப் பாத்துச் சிரிக்கத்தானடி செய்வாங்க."

"சிரிப்பாங்கதான். ஆனா பாப்பாங்க."

சட்டென்று எழுந்தாள். "ஐயோ, நான் பாவி, இத்தன குடும்பமும் என்னைய நம்பியா ஒக்காந்திருக்கு" என்றாள். குழந்தையைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூட்டை என் தலைக்கு, கோழி என் கக்கத்துக்கு. இஸ்தோப்புக்கு வந்து, மழைச் சத்தத்துக்கு மேலே, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எனக்குப் பயமா இருக்கு! நான் போறேன்! வர்றவங்க வாங்க!"

எங்கோ ஒரு சிரிப்புக் கேட்டது. கூடவே கதவுகள் திறக்கும் சத்தமும் கேட்டது. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் மகளை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, "சன்னி வந்தா நான் பொறுப்பில்ல" என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். முன்பக்கத்து லயம் முழுவதும் இறங்கிவிட்டது. அந்த அவசரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அத்தை அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் மகளையும் குழந்தையையும் காற்றடிக்காத மூலையில் படுக்க வைத்துவிட்டு, வழக்கம் போலச் சாக்குகளை விரித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சாக்கிலும் ஆள் வந்து உட்கார்ந்தது. அவள் முகத்தில் ரம்பொடை ரோட்டோரத்தில் பார்த்த அதே நிம்மதி. ஒரே ஒரு சாக்கு மட்டும் காலியாகக் கிடந்தது.

"பின்பக்கத்துக்காரங்க எங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாருமே நினைத்திருந்தோம். அத்தை வராந்தாவுக்கு ஓடினாள். பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் லயம் முழுசாகத் தெரியும். மழைக்குள் சாம்பல் நிறமாகக் கூரைகள், அதன் கோடியில் அத்தை வீட்டுப் புகை.

"என் பொகையப் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "மதினி, ஆம்பளைங்க போகட்டும்." ஆம்பிளைகள் அப்போதுதான் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அத்தை கையை உருவிக்கொண்டு இறங்கி ஓடினாள். ஓட்டத்தில் அவளை யாராலும் பிடிக்க முடிந்ததில்லை. வாழ்நாள் முழுக்க ஓடிப் பழகியவள். திரும்பி ஓடியது மட்டும் அன்றைக்குத்தான்.

அப்பாவும் இன்னொருவரும் பின்னால் போனார்கள். பாதி வழியில் பின்பக்கத்துக் குடும்பம் எதிரே வந்தது. புருசன் தகப்பனை முதுகில் சுமந்திருந்தான். பெண்டாட்டி அழுதுகொண்டே சொன்னாளாம், "அக்கா வந்து கதவத் தட்டுனாங்க. நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டேன். நீ போ புள்ள, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன், பொகையப் பாத்துட்டு மேல் லயத்துல யாரும் இருந்துறப் போறாங்கன்னாங்க."

நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அம்மா என் பக்கத்தில். அத்தை வீட்டுக் கூரைக்கு மேலே புகை ஒருமுறை பொங்கிக் கறுப்பாக எழுந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றது.

"அணைச்சிட்டாங்க. வந்துருவாங்க" என்றாள் அம்மா.

அடுத்தது அந்தச் சத்தம். அதை நான் எழுதப் போவதில்லை. மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. லயம் இருந்த இடத்தில் பாதி லயம் இல்லை.

மழை விட்ட பிறகுதான் அவளை எடுக்க முடிந்தது. மேல் லயத்தார் புகை நின்றதைப் பார்த்துத்தான் கிளம்பினோம் என்று சாவு வீட்டில் சொன்னார்கள். உண்மையா, எங்கள் ஆறுதலுக்குச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடப்புசல்லாவைக்குத் திரும்பிவிட்டாள். அத்தையின் கோழி எங்களோடு வந்தது. அம்மாவுக்குக் கோழி வளர்ப்பது கட்டோடு பிடிக்காது. ஆனாலும் தினமும் அதைத் திட்டித் திட்டி இரை போட்டாள். அத்தைக்காக அவள் அழுது நான் பார்க்கவில்லை. அது எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

இப்போது நாங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், இன்னொரு பழைய லயத்தில் இருக்கிறோம். இங்கேயும் ஒரு மேடு இருக்கிறது. எங்களுக்கு மேடில்லாத இடம் எங்கே கிடைக்கப் போகிறது?

இந்த வருடம் மறுபடி எச்சரிக்கை வந்தது. இஸ்தோப்பில் மறுபடி கூட்டம். போன வருடம் அவ்வளவு பார்த்துவிட்டு வந்தவர்கள், அவர்களே கக்கூஸைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் பேச்சின் நடுவில் ஒவ்வொருவராகக் கண்ணைத் திருப்பி, லயத்தின் கோடியைப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள். எங்களுக்குப் பயப்படத் தெரியாது. எங்களுக்காக அவள்தான் பயந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குள்ளே அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மா வெளியே வந்தாள். தலையில் மூட்டை, கக்கத்தில் அந்தக் கோழி. யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கிப் பாதையின் நடுவில் போய் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்று கத்தினாள். என் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. குரல் உடைந்துபோனது. "நான் போறேன். வர்றவங்க வாங்க."

இந்த லயத்துக்காரன் ஒருவன், அத்தையைத் தெரியாதவன், "அந்தக் கோழிக்குமா பயம்?" என்று கேட்டுச் சிரித்தான்.

"ஆமாய்யா, அதுக்கும்தான். சிரிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள்.

நான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாலம் வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தில் கால் வைக்கும்போதுதான் கேட்டாள்.

"பின்னாடி பாரு. பொக நிக்குதா?"

பார்த்தேன். ஒவ்வொரு கூரையாகப் புகை அடங்கிக்கொண்டு வந்தது.

"நிக்குது அம்மா."

அம்மா கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு, பாலத்தின் நடுவில் நின்று, அப்போதுதான் அழுதாள்.